குவாண்டம் வன்பொருள் பொறியாளர் வேலை: சம்பளம் எப்படி, எத்தனை காலம் நிலைக்கும்?

அலைவரிசை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மின்னணுவியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற நான், ஐந்து ஆண்டுகளாகக் கைபேசிக் கோபுரங்களுக்கான நுண்ணலைச் சுற்றுகளை, குறிப்பாக வடிகட்டிகளையும் பெருக்கிகளையும், வடிவமைத்து வருகிறேன். சென்ற மாதம் மீக்கடத்திக் கியூபிட்டுகளை (கடுங்குளிரில் மின்தடை இழக்கும் உலோகத்தால் ஆன, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளை) உருவாக்கும் ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றேன். மூன்று சுற்றுகள் முடிந்து, வேலைக் கடிதமும் வந்துவிட்டது. சம்பளம் நான் இப்போது வாங்குவதில் பத்தில் ஒரு பங்கு குறைவு; அதை ஈடுகட்டப் பங்கு விருப்புரிமைகள் (நிறுவனப் பங்குகளை முன்பே குறித்த விலைக்குப் பின்னாளில் வாங்கும் உரிமை) தருவதாகச் சொல்கிறார்கள். பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் இருக்கிறது.

இத்துறை மீது எனக்கு உண்மையான ஈடுபாடு உண்டு. 2025-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்கும், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு மின்சுற்றே குவாண்டம் விதிகளின்படி நடக்கும் என்று 1980-களில் நிறுவியதற்காக வழங்கப்பட்டபோது, நான் அன்றாடம் கையாளும் மின்தேக்கியும் மின்தூண்டியும் அவ்வளவு தூரம் போகுமா என்று பல நாள் அதே நினைவாக இருந்தேன். ஆனாலும் வீட்டுக் கடன் இருக்கிறது, நம்பியிருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆர்வத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது.

மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். இணையத்தில் இந்த வேலைக்குச் சொல்லப்படும் சம்பளத் தொகைகள் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வரை வேறுபடுகின்றன, எதை நம்புவது? முனைவர் பட்டம் இல்லாதவருக்கு இங்கே எந்த உயரம் வரை இடம் உண்டு? ஐந்தாண்டு கழித்து முதலீட்டாளர்களின் உற்சாகம் வடிந்துவிட்டால், நான் பழைய துறைக்குத் திரும்ப முடியுமா, அல்லது எங்கும் ஒட்டாத அனுபவத்தோடு நிற்பேனா? இத்துறையில் இருப்பவர்களும் இருந்து விலகியவர்களும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மில்லிகெல்வின்

வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக மீக்கடத்திக் கியூபிட்டுகளின் அளவீட்டுப் பிரிவில் இருக்கிறேன். அதற்கு முன் நானும் உங்களைப் போல நுண்ணலைப் பொறியாளன்தான். நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்க அனுமதியுங்கள். அந்த வேலையில் நாள் முழுக்க என்ன செய்வீர்கள் என்பது தெரிந்தால்தான், அதற்கு ஏன் அந்தச் சம்பளம் என்பதும் விளங்கும்.

கியூபிட் சில்லு, தட்டுத் தட்டாகக் கீழே போகப் போகக் குளிர் கூடும் டைலூஷன் குளிர்விப்பானின் அடித்தட்டில், 10 முதல் 20 மில்லிகெல்வின் வெப்பநிலையில், அதாவது தனிப்பூஜ்யத்திற்கு மிக அருகில், இருக்கும். அறை வெப்பநிலையிலுள்ள கருவியிலிருந்து புறப்படும் 4 முதல் 6 கிகாஹெர்ட்ஸ் துடிப்பு, 50 கெல்வின் தட்டு, 4 கெல்வின் தட்டு என்று ஒவ்வொன்றாகக் கடந்து, வழியில் ஏறத்தாழ 60 டெசிபெல் தணிக்கப்பட்டுக் கீழே இறங்குகிறது. தணிப்பான்கள் இல்லாவிட்டால் மேலிருந்து வரும் வெப்ப இரைச்சலே கியூபிட்டின் நிலையைக் கலைத்துவிடும். திரும்பி வரும் சைகையோ சில ஃபோட்டான்கள் அளவே இருக்கும். அதை இரைச்சலில் தொலைத்துவிடாமல் முதலில் மிகக் குறைந்த இரைச்சல் கொண்ட ஓர் அளபுருப் பெருக்கியும், பிறகு 4 கெல்வினில் வைத்த ஹெம்ட் என்ற டிரான்சிஸ்டர் பெருக்கியும் தூக்கிக் கொடுக்க வேண்டும். சைகையைக் கடத்தி, வெப்பத்தைக் கடத்தாத கம்பிகளை நூற்றுக்கணக்கில் இறக்குவதுதான் எங்கள் அன்றாடப் போராட்டம். இவற்றில் முக்கால்வாசி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தொழில். மின்மறுப்புப் பொருத்தம், பக்கத்துக் கம்பியில் கசிவு, உலோகப் பெட்டிக்குள் எழும் வேண்டாத ஒத்ததிர்வு எல்லாம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஒருமுறை புதிய சில்லை ஏற்றி, இரண்டு நாள் குளிரவைத்த பிறகு மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், எட்டு அளவீட்டுத் தடங்களில் ஒன்று மட்டும் ஊமையாக இருந்தது. அறை வெப்பநிலையில் அதே தடம் சரியாக வேலை செய்திருந்தது. சில்லில்தான் கோளாறு என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களோடு இருந்த தொழில்நுட்பர் ஒருவர், முனைவர் பட்டமோ முதுநிலைப் பட்டமோ இல்லாதவர், வலைப்பின்னல் பகுப்பாய்வியின் அளவீட்டைக் காலப் பரப்புக்கு மாற்றி, எதிரொலி எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது என்று கணக்கிட்டு, நான்காவது தட்டுக்கு மேலுள்ள இணைப்பியைச் சுட்டிக்காட்டினார். சூடேற்றித் திறந்து பார்த்தோம். குளிரில் கம்பி சுருங்கியபோது இணைப்பியின் நடு ஊசி நகத்தின் தடிமன்கூட இல்லாத அளவு பின்வாங்கியிருந்தது. அன்று அவர் சொல்லியிராவிட்டால் நல்ல சில்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொன்றைச் செய்யச் சொல்லி ஒரு மாதம் இழந்திருப்போம். அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனம் அவரை அழைத்தபோது, எங்கள் மேலாளர் மறுபேச்சின்றி அவருடைய சம்பளத்தை உயர்த்தி நிறுத்திக்கொண்டார்.

இந்த வேலையில் பணம் 'குவாண்டம்' என்ற சொல்லுக்குக் கிடைப்பதில்லை; இப்படிப்பட்ட கைத்திறனுக்கும் அதைக் கொண்டவர்கள் குறைவாக இருப்பதற்கும் கிடைக்கிறது. ஆகையால் ஒரே நிறுவனத்திற்குள்ளேயே சம்பளம் வேறுபடும். கட்டுப்பாட்டு மின்னணுவியலில் எஃப்.பி.ஜி.ஏ. (தேவைக்கேற்ப உள்ளமைப்பை மாற்றக்கூடிய சில்லு) நிரலாக்கம் செய்பவருக்குப் பொதுவாகக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அவரை ராடார் துறையும் தொலைத்தொடர்புத் துறையும் இழுக்கின்றன. குளிர்நிலைப் பொறியியலில் இருப்பவருக்குப் போட்டி நிறுவனங்கள் குறைவு. ஆனால் ஆளும் குறைவு. தூய்மையறையில் சில்லு வார்ப்பவருக்குக் குறைக்கடத்தித் தொழிலின் விகிதமே அளவுகோலாக இருக்கிறது.

இணையத் தொகைகள் முரண்படக் காரணம், இந்த வேலைக்கென்று தனிப் புள்ளிவிவரம் இல்லாததுதான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் வகைப்பாட்டில் குவாண்டம் பொறியாளர் என்ற பிரிவே கிடையாது. அருகிலுள்ளவை இரண்டு: கணினி வன்பொருள் பொறியாளர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2023 மே மாதத்தில் 1,38,080 டாலர், மின், மின்னணுப் பொறியாளர்களுடையது 1,09,010 டாலர். இதற்கு மேல் யாராவது ஒரு 'சராசரி குவாண்டம் சம்பளம்' சொன்னால், அதில் மென்பொருள்காரர்களும் முதுமுனைவர் ஆய்வாளர்களும் ஒன்றாகக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நம்பத் தகுந்த ஊற்றுகள் வேறு இருக்கின்றன. கொலராடோவில் 2021 முதலும், கலிபோர்னியாவில் 2023 முதலும் வேலை விளம்பரத்திலேயே சம்பள வீச்சைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குவாண்டம் நிறுவனங்கள் செறிந்துள்ள பகுதிகளில் அந்த இரு மாநிலங்களிலுள்ள போல்டரும் சாண்டா பார்பராவும் முக்கியமானவை என்பதால், ஒரு மாலைப்பொழுதில் முப்பது விளம்பரங்களைப் படித்தாலே தெளிவான படம் கிடைத்துவிடும். வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான எச்-1பி விசாவுக்காக நிறுவனங்கள் தாக்கல் செய்யும் ஊதிய விவரங்களையும் அந்நாட்டுத் தொழிலாளர் துறை வெளியிடுகிறது. அதில் பதவிப் பெயர், ஊர், அடிப்படைச் சம்பளம் மூன்றும் இருக்கும். ஜெர்மனியில் பல்கலைக்கழக ஆய்வுப் பணி என்றால் ஈ13 என்ற பொது ஊதியப் படிநிலையைப் பார்த்தாலே போதும். அந்தத் தொகைகளை அப்படியே உங்கள் நாட்டு நாணயத்திற்கு மாற்றாமல், அதே ஊரில் உங்களைப் போன்ற சாதாரண நுண்ணலைப் பொறியாளர் என்ன வாங்குகிறார் என்பதோடு ஒப்பிடுங்கள். அந்த விகிதம்தான் உங்களுக்குப் பயன்படும்.

பழைய பணியாளர்

சகோதரி, மேலே நண்பர் சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. பங்கு விருப்புரிமை பற்றி மட்டும் சொல்ல வருகிறேன், ஏனென்றால் அந்த இடத்தில்தான் நான் அடிபட்டேன்.

நான் ஒரு குவாண்டம் ஸ்டார்ட்அப்பில் மூன்றாண்டுகளுக்கு மேல் பணியாற்றினேன். சேரும்போது எனக்குச் சொல்லப்பட்டது பங்குகளின் எண்ணிக்கை. கேட்பதற்கு மிகப் பெரிய எண். நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்தப் பெரிய எண் ஒரு விழுக்காட்டில் மிகச் சிறிய பகுதி என்பது அன்றே தெரிந்திருக்கும். அதன்பின் இரண்டு முறை புதிய முதலீடு வந்தது. ஒவ்வொரு முறையும் என் பங்கின் விகிதம் மேலும் சுருங்கியது. வேலையை விட்ட நாளில், தொண்ணூறு நாட்களுக்குள் பணம் கட்டிப் பங்குகளை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையெனில் உரிமை போய்விடும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருப்பதைப் பார்த்தேன். என் பல மாதச் சம்பளத்தை, சந்தையில் விற்கவே முடியாத ஒரு தாளுக்காகக் கட்ட வேண்டியிருந்தது. என்னால் இயலவில்லை, விட்டுவிட்டேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததுதான். நான் படித்துக் கேட்கவில்லை.

பங்குச்சந்தைக்கு வந்துவிட்ட நிறுவனம் என்றால் விற்கலாம், ஆனால் ஏற்ற இறக்கம் நெஞ்சைப் பதற வைக்கும். 2025 ஜனவரியில், மிகவும் பயனுள்ள குவாண்டம் கணினிகள் வர இருபது ஆண்டுகள் ஆகலாம் என்று என்விடியா நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங் சொன்ன மறுநாளே அயான்கியூ, ரிகெட்டி ஆகிய குவாண்டம் கணினி நிறுவனங்களின் பங்குகள் 40 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்தன. அதே பங்குகள் அந்த ஆண்டின் பிற்பகுதியில் பல மடங்கு ஏறவும் செய்தன. வீட்டுக் கடன் தவணையை இதை நம்பிக் கட்ட முடியுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேலை நிலைக்குமா என்ற கேள்விக்கும் கண்ணெதிரே சான்றுகள் இருக்கின்றன. 2023 பிப்ரவரியில் ரிகெட்டி தன் பணியாளர்களில் 28 விழுக்காட்டினரைக் குறைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் அலிபாபா தன் குவாண்டம் ஆய்வகத்தையே மூடி, கருவிகளை ஒரு பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்துவிட்டது. இவை திறமையற்றவர்கள் வேலை செய்த இடங்கள் அல்ல. இத்துறையின் பெரும்பாலான நிறுவனங்கள் விற்பனை வருவாயில் அல்ல, முதலீட்டாளர் பணத்திலும் அரசுத் திட்டங்களிலும் நடக்கின்றன; பணம் கொடுப்பவர் மனம் மாறினால் ஆய்வகத்தின் தரம் காப்பாற்றாது.

இருந்தாலும் நான் அந்த மூன்றாண்டுகளுக்காக வருந்தவில்லை. இப்போது வானொலித் தொலைநோக்கிகளுக்கான குளிர்நிலைப் பெருக்கிகளில் வேலை செய்கிறேன். அங்கே கற்றது அத்தனையும் இங்கே பயன்படுகிறது. வருத்தம் அந்த ஒப்பந்தத்தைப் பற்றி மட்டுமே. என் கணிப்பில், விருப்புரிமையின் மதிப்பைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, எஞ்சிய சம்பளத்தில் குடும்பம் நடக்குமா என்று பாருங்கள். நடக்கும் என்றால் போகலாம்.

தூய்மையறை

முனைவர் பட்டம் பற்றிய கேள்வியை மில்லிகெல்வின் அவர்கள் கொஞ்சம் இனிப்பாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் சொன்ன தொழில்நுட்பரைப் போன்றவர்களை நானும் மதிக்கிறேன், அவர்கள் இல்லாமல் எந்த ஆய்வகமும் ஓடாது. ஆனால் சம்பளம் உயர்வதும், எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் அறைக்குள் இடம் கிடைப்பதும் வேறு வேறு.

நான் கியூபிட்டின் மையப் பகுதியான ஜோசப்சன் சந்திகள் வார்க்கும் பிரிவில் இருக்கிறேன். இரண்டு அலுமினியப் படலங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடுப் படலம். அதன் தடிமன் சற்றே மாறினாலும் கியூபிட்டின் அதிர்வெண் நகர்ந்துவிடும். சில்லின் பரப்பிலும் இடைமுகங்களிலும் உள்ள சிறு குறைபாடுகள் கியூபிட்டின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கின்றன. அவற்றை எப்படிக் குறைப்பது என்பது இன்னும் முழுமையாகத் தீராத ஆய்வுக் கேள்வி. இப்படிப்பட்ட கேள்விக்குப் பொறுப்பேற்கும் பதவிகளில், நான் பார்த்த வரை, ஏறத்தாழ எல்லாரும் முனைவர் பட்டம் பெற்றவர்களே. பட்டத்தின் மீதுள்ள மோகம் இதற்குக் காரணம் அல்ல. விடை தெரியாத ஒன்றோடு ஐந்தாறு ஆண்டுகள் தனியாக மல்லுக்கட்டிய அனுபவத்தை நிறுவனங்கள் தேடுகின்றன, அது பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறது.

கம்பியமைப்பு, சில்லுப் பொதியாக்கம், கட்டுப்பாட்டு மின்னணுவியல், குளிர்நிலை இயந்திரவியல் ஆகியவற்றில் நிலைமை வேறு. ஐபிஎம் 2023 டிசம்பரில் 1,121 கியூபிட்டுகள் கொண்ட காண்டார் சில்லை வெளியிட்டது. கூகுளின் 105 கியூபிட் வில்லோ 2024 டிசம்பரில் வந்தது. எண்ணிக்கை ஆயிரத்தைத் தொடும்போது, கூடுதல் கம்பியை எங்கே செருகுவது, வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது என்பவை பொறியியல் கேள்விகளாகிவிடுகின்றன. அங்கே உங்களைப் போன்ற ஐந்தாண்டு அனுபவம், ஆய்வகத்திலிருந்து புதிதாக வெளிவரும் முனைவர் பலருக்கு இல்லாத ஒன்று. முதன்மைப் பொறியாளர் நிலை வரை முதுநிலைப் பட்டத்தோடு போனவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மீக்கடத்தி ஒன்றே வழி அல்ல. குவான்டினியம், அயான்கியூ நிறுவனங்கள் அயனிப் பொறிகளையும் (மின்னூட்டமுள்ள அணுக்களை மின்புலத்தால் பிடித்து வைப்பவை), பாஸ்கல், குவேரா நிறுவனங்கள் நடுநிலை அணுக்களையும், சைகுவாண்டம் ஒளியையும் நம்புகின்றன. எது வெல்லும் என்பது முடிவாகவில்லை. அயனிப் பொறிப் பக்கம் போனால் லேசரும் மீயுயர் வெற்றிடமும் தெரிந்தவருக்கே முதல் மதிப்பு. உங்கள் நுண்ணலைத் திறன் அங்கே இரண்டாம் இடத்திற்குப் போகும். எல்லா வழிகளுக்கும் கருவி விற்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்விப்பான் செய்யும் புளூஃபோர்ஸ், கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் சூரிக் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், குவாண்டம் மெஷின்ஸ், கீசைட் போன்றவை. இவற்றின் வாடிக்கையாளர்கள் இன்றே பணம் கொடுத்து வாங்குகிறார்கள். நிலைத்த வருமானம் முதன்மை என்பவருக்கு நான் இந்தப் பக்கத்தையே காட்டுவேன்.

வெளிநாட்டுப் பணி பற்றிய எண்ணம் இருந்தால், குடியுரிமை ஒரு தடையாகலாம் என்பதை முன்பே அறிந்துகொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்க வணிகத் துறை குவாண்டம் கணினிகளையும் அவற்றுக்கான சில குளிர்நிலைக் கருவிகளையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்டுச் சட்டப்படி, கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்தை அந்நாட்டிற்குள்ளேயே பணிபுரியும் வெளிநாட்டுக் குடிமகனுக்குத் தெரிவிப்பதும் ஏற்றுமதியாகவே கருதப்படும். மென்பொருள் வேலையைவிட வன்பொருள் வேலையில் இது அடிக்கடி குறுக்கே வரும்.

அலைவரிசை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு விருப்புரிமையைப் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நெருக்கடிதான், ஆனால் நடக்கும். பழைய பணியாளர் அவர்களின் அனுபவத்தைப் படித்த பிறகு, மொத்தப் பங்குகள் எத்தனை, வேலையை விட்டால் எத்தனை நாள் அவகாசம் என்று நிறுவனத்திற்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் ஆய்வகத்தைப் பார்க்க அழைத்திருக்கிறார்கள். அங்கே போய் நான் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மில்லிகெல்வின்

தூய்மையறை அவர்களின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். உயரம் பற்றி நான் பேசியிருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் எத்தனை குளிர்விப்பான்கள் இருக்கின்றன, அவற்றில் இன்று எத்தனை குளிர்ந்த நிலையில் ஓடுகின்றன என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று இருந்து பத்துப் பொறியாளர்கள் காத்திருந்தால், உங்கள் வடிவமைப்பைச் சோதிக்க மாதக்கணக்கில் முறை வராது. கற்பதும் அந்த வேகத்தில்தான் நடக்கும். சில்லை அவர்களே வார்க்கிறார்களா, வெளியே கொடுத்து வாங்குகிறார்களா, ஒரு புதிய வடிவம் வரைபடத்திலிருந்து அளவீட்டுக்கு வர எத்தனை வாரம் ஆகிறது என்று கேளுங்கள். கையிலுள்ள பணம் எத்தனை மாதங்களுக்குப் போதும் என்பதைத் தயங்காமல் கேளுங்கள். நேர்மையான நிறுவனர் அதற்கு நேராகப் பதில் சொல்வார். சென்ற ஓராண்டில் அளவீட்டுப் பிரிவிலிருந்து விலகியவர்கள் எத்தனை பேர், எங்கே போனார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

முடிந்தால் குளிர்விப்பானைத் திறந்து வைத்திருக்கும் நாளில் போங்கள். கம்பிகள் ஒழுங்காக வளைக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டப்பட்டு, இணைப்பிகளை இறுக்கும் டார்க் ஸ்பானர் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தால், அங்கே உங்கள் தொழிலை மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எண் ஒட்டாத கம்பிகள் கொத்தாகத் தொங்கினால், அவற்றை ஒழுங்குபடுத்துவதே உங்கள் முதல் ஆண்டு வேலையாக இருக்கும்; அதைக் கணக்கில் வைத்துச் சம்பளத்தைப் பேசுங்கள்.